பட்டியலில் இல்லாத கும்பிடு

வருவாய்த் துறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் நான் பட்டா மாறுதலைப் பற்றியோ ஜமாபந்தியைப் பற்றியோ பேசப் போவதில்லை. அதையெல்லாம் சொல்லித் தர உங்கள் அலுவலகத்திலேயே ஆட்கள் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது ஒரு பிணத்தைப் பற்றி. அதை எங்கே புதைப்பது என்று தெரியாமல் ஒரு பகல் முழுக்க நின்ற இடத்தில் நிற்க முடியாமல் அலைந்ததைப் பற்றி. ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பகல் எனக்கு முழுசாக முடியவில்லை. இப்போதும் குமுளி ரோட்டில் பஸ்ஸில் போனால், அந்த இடம் வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவேன்.

அப்போது நான் கம்பம் பள்ளத்தாக்கில் தாசில்தார். தேனி தனி மாவட்டமாகிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. கார்த்திகை மாதம். அந்த மாதத்தில் அந்த ரோடு எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சபரிமலைக்குப் போகிற வண்டிகளெல்லாம் கம்பம், கூடலூர், லோயர் கேம்ப் தாண்டித்தான் மலை ஏறும். ஒரு டிராக்டர் டயர் பஞ்சரானாலே பின்னால் வண்டிகள் கம்பம் வரைக்கும் நிற்கும். அன்று காலையில் கூடலூருக்கு அப்பால் அந்த ரோட்டின் நடுவில் ஒரு ஊரே உட்கார்ந்திருந்தது. ஊர்ப் பெயர் வேண்டாம்.

விஏஓ தகவல் சொன்னதும் ஜீப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பாதி தூரத்திலேயே ஜீப் நின்றுவிட்டது. இறங்கி, நின்றிருந்த பஸ்களுக்கு நடுவே நடந்தேன். சாமிமார்கள் ரோட்டோரத்தில் அடுப்பு மூட்டிச் சோறு பொங்க ஆரம்பித்திருந்தார்கள். "எப்பம்மா வழி விடுவாங்க?" என்று ஒவ்வொருவரும் என்னிடம் கேட்டார்கள். என்ன விஷயம் என்றே எனக்கு அப்போது தெரியாது.

விஷயம் இதுதான். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஏழு குடும்பங்கள் இருந்தன. ஏலக்காய்த் தோட்ட வேலைக்காக முன்னால் மலைக்குப் போய், பிறகு கீழே இறங்கிக் கொஞ்சம் நிலம் வாங்கிக் குடியேறியவர்கள். அவர்களுக்குக் கோயில் கிடையாது, சிலை கிடையாது, பூசாரி கிடையாது. மண்ணையும் தண்ணீரையும் கும்பிட்டார்கள். காற்று திசை மாறுகிற காலங்களில் ஆற்றங்கரையில் கூடுவார்கள். முன்னால் நின்று நடத்துவது பெண்கள்தான். விதைப்புக்கு முன்னால் மண்ணில் விதையையும் பச்சிலையையும் வைத்து உருண்டை பிடித்து வரப்பு மூலையில் வைப்பார்கள். அந்த உருண்டைதான் ஊருக்குப் பிடிக்கவில்லை. 'சூனியக்காரக' என்று பெயர் வைத்துவிட்டார்கள். வெளிநாடுகளில் விக்கா என்ற பெயரில் இப்படி இயற்கையைக் கும்பிட்டு, சூனியக்காரர் என்று பேர் வாங்கி, அரசாங்க அங்கீகாரத்துக்காக அலைந்தவர்கள் உண்டு என்று பிற்காலத்தில் படித்தேன். இவர்கள் அப்படி அங்கீகாரம் எதுவும் கேட்கவில்லை. தங்கள் வழிக்கு ஒரு பெயர்கூட வைத்துக்கொள்ளவில்லை.

அந்த ஏழு குடும்பத்தில் ஒருவர் கருத்தப்பாண்டி. முந்தின நாள் நெஞ்சுவலி வந்து இறந்துவிட்டார். இறந்தவரைச் சொந்த நிலத்திலேயே புதைத்து மேலே ஒரு மரக்கன்று நடுவது அவர்கள் வழக்கம். இங்கே வந்த பிறகு அவர்களுக்கு நேர்ந்த முதல் சாவு இது. பக்கத்துத் திராட்சைத் தோட்டக்காரர் சின்னமாயன், குழி தோண்டுவதைப் பார்த்து ஊருக்குள் ஓடிப்போய்ச் சொல்லியிருக்கிறார். ஊர் திரண்டு வந்து ரோட்டில் உட்கார்ந்துவிட்டது.

நான் போனபோது பாதி தோண்டிய குழி அப்படியே கிடந்தது. உடம்பை ஒரு புளியமரத்து நிழலில் கட்டிலில் வைத்திருந்தார்கள். நிழல் நகர நகரக் கட்டிலையும் நகர்த்தினார்கள். அவர் மனைவி செல்லத்தாயி கட்டிலின் ஒரு காலைப் பிடித்தபடி நின்றாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். அழுது முடித்த முகம். அவளைச் சுற்றி ஏழு குடும்பத்து ஆட்கள். ரோட்டில் அத்தனை சத்தம்; இங்கே ஒரு பேச்சு இல்லை.

சப்-இன்ஸ்பெக்டர் என்னைத் தன் ஜீப்புக்கு அழைத்துப் போனார். அந்த மலையடிவாரத்தில் செல்போன் எடுக்காது. போலீஸ் ஜீப்பில் இருந்த வயர்லெஸ் மைக்கில்தான் என் மேலதிகாரியான ஆர்டிஓ பேசினார். மைக்கில் பேசினால் சுற்றி நிற்கிற எல்லாருக்கும் கேட்கும்.

"அவங்க என்ன மதம்?" என்றார்.

"பேர் எதுவும் இல்லை சார். மண்ணையும் தண்ணியையும் கும்பிடுறவங்க."

"அப்ப இந்துதானே? ஊர் மயானத்துல முடிச்சு விடுங்க."

"அவங்க ஒத்துக்கலை சார்."

"கிறிஸ்தவங்களா?"

"இல்லை சார்."

"பட்டியல்ல இருக்குறதுல ஏதாவது ஒண்ணா இருந்துதானம்மா ஆகணும்? ஒண்ணுமே இல்லாம எப்படி?"

கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "சூனியம்னு எழுதிக்கிரச் சொல்லுங்கம்மா!" ஒரே சிரிப்பு. நான் செல்லத்தாயி பக்கம் பார்த்தேன். அவளுக்கும் கேட்டிருந்தது.

ஆர்டிஓ கெட்ட மனிதர் இல்லை. அவருக்கு மேலே கலெக்டர் ஆபீஸ். அங்கே நிமிஷத்துக்கு ஒரு போன் வந்துகொண்டிருந்தது. "மத்தியானத்துக்குள்ள ரோடு ஓப்பன் ஆகணும். எப்படின்னு நீங்க பாத்துக்கங்க" என்று முடித்தார். நம் வேலையில் இந்த 'எப்படின்னு நீங்க பாத்துக்கங்க' என்ற வாசகத்தை அடிக்கடி கேட்பீர்கள். நல்லபடியாக முடிந்தால் அது அவர்கள் உத்தரவு. கெட்டுப் போனால் அது உங்கள் முடிவு.

இதற்குள் இரண்டு பேர் என்னைத் தேடி வந்தார்கள். ஒருவர் ஊர்ப் பெரியவர். உண்மையாகவே இரக்கத்தோடுதான் பேசினார். "தாசில்தாரம்மா, செத்தவன் மேல எங்களுக்கு என்ன பக? நம்ம சுடுகாட்டுக்கே கொண்டு வரட்டும். தேர் கட்டி, சங்கு ஊதி, நம்ம மொறப்படி நாங்களே செய்யுறோம். செலவும் ஊர்ச் செலவு. இனிமே அந்த உருண்ட வைக்கிற சோலிய விட்டுட்டம்னு ஒரு வார்த்த சொல்லச் சொல்லுங்க, போதும்."

இன்னொருவர் பக்கத்து ஊர்க் கிறிஸ்தவ சபையின் உபதேசியார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்திருந்தார். வியர்வையைத் துடைத்துவிட்டு, "எங்க கல்லறைத் தோட்டத்துல எடம் இருக்கும்மா. செபம் பண்ணி அடக்கம் செய்ய அந்தக் குடும்பம் சம்மதிச்சு, ஞாயித்துக்கிழமை சபைக்கு வாரோம்னு சொன்னாகன்னா, இப்பவே ஆளுகளக் கூட்டிட்டு வாரேன்" என்றார்.

இருவரும் நல்லவர்கள். இருவர் கையும் நீண்டுதான் இருந்தது. ஆனால் அந்தக் கையைப் பிடிக்க வேண்டுமானால் செல்லத்தாயி தன் கையில் இருப்பதைக் கீழே போட வேண்டும்.

இரண்டையும் அவளிடம் சொல்ல வேண்டியது என் கடமை. கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.

"அவுக ரெண்டு பேரும் மனசு வச்சுத்தாம்மா சொல்றாக. எனக்குப் புரியுது" என்றாள். "ஆனா நேத்து வரைக்கும் இவரு கும்பிட்டத இன்னைக்கு நான் எப்படி மாத்துறது? இருந்தாருன்னா, வேணாம் புள்ளன்னு ஒரு வார்த்த சொல்லுவாரு. இப்ப அவரால மறுத்துப் பேச முடியாதே. மறுத்துப் பேச முடியாத ஆளுக்கு எப்படிம்மா இதச் செய்ய?"

ரோட்டுக்கும் வாய்க்காலுக்குமாக நடக்க ஆரம்பித்தேன். உட்கார நாற்காலி போட்டார்கள், உட்கார முடியவில்லை. வெயில் ஏறியது. ஹாரன் சத்தம் விட்டு விட்டு வந்தது, பிறகு விடாமல் வந்தது. ஒரு பஸ்ஸில் சரணம் சொல்ல ஆரம்பித்தால் அடுத்த பஸ் அதை வாங்கிக்கொண்டது. எங்கேயோ பின்னால் ஒரு பால் லாரிக்காரர், பால் திரிந்து போகும் என்று கத்திக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்ச நேரத்தில் உடம்பிலிருந்து வாடை வர ஆரம்பிக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. யாரும் சொல்லவில்லை.

சப்-இன்ஸ்பெக்டர் என் கூடவே நடந்தார். "மேடம், ஒண்ணு சொல்லவா? ரோட்டுல இருக்குற இத்தன பேர அடிச்சுக் கெளப்புறத விட, அங்கன இருக்குற ஏழு குடும்பத்தத் தூக்கி வேன்ல ஏத்துறது சுலபம். பாடிய நாங்களே ஊர் மயானத்துல அடக்கம் பண்ணிருவோம். ஒரு மணி நேர வேல."

அவர் சொன்னது உண்மை. அந்த உண்மைதான் என்னைக் கலக்கியது. இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள்: நெருக்கடி வரும்போது சுலபமான வழி என்று உங்கள் கண்ணில் படுவது பெரும்பாலும் ஆள் குறைவாக இருக்கிற பக்கம் அழுத்துவதாகத்தான் இருக்கும். அதற்கு 'அமைதி திரும்பியது' என்று அறிக்கையில் பெயர் எழுதுவோம். யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அதனாலேயே அந்த வழி தென்படும்போது ஒரு நிமிஷம் நின்றுவிட வேண்டும்.

"வேன் வேண்டாம்" என்றேன். "அந்தத் தோட்டக்காரரை மட்டும் என்கிட்ட அனுப்புங்க. தனியா."

நான் எழுத்தராகச் சேர்ந்த காலத்தில் ஒரு தாசில்தார் இருந்தார். கலவர இடத்துக்குப் போனால் கூட்டத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேச மாட்டார். யார் முதலில் கத்தினாரோ அவரை மட்டும் ஓரமாகக் கூட்டிப் போய், டீ வாங்கிக் கொடுத்து, "உனக்கு என்னப்பா கஷ்டம்?" என்று கேட்பார். எங்களுக்கு அப்போது அது சிரிப்பாக இருக்கும். அன்று எனக்கு வேறு வழி தோன்றவில்லை.

சின்னமாயனை அவர் தோட்டத்து மோட்டார் ரூமுக்குக் கூட்டிப் போனேன். பந்தல் முழுக்கப் பன்னீர் திராட்சை கறுத்துத் தொங்கியது. அறுப்புக்குத் தயாரான பழம். ஐம்பது வயசுக்காரர், பெரிய மீசை. ரோட்டில் எல்லாருக்கும் மேலே கத்தியவர், பந்தலுக்குள் வந்ததும் குரலைத் தணித்துவிட்டார்.

"உங்களுக்கும் கருத்தப்பாண்டிக்கும் சண்டையா?" என்று கேட்டேன்.

"சண்டையெல்லாம் இல்லம்மா. நல்ல மனுசன்."

"அப்புறம் என்ன?"

கொடியில் ஒரு இலையைக் கிள்ளிக்கொண்டே நின்றார். "போன மழையில செவட்ட நோய் வந்து பழம் பூராம் போச்சு. இந்த அறுப்பு ஒண்ணுதான் கண்ணுல தெரியுது. சூனியக்காரன் பொணத்துக்குப் பக்கத்துத் தோட்டத்துப் பழம்னு ஒரு பேரு விழுந்துச்சுன்னா எவன் வாங்குவான்? வியாபாரிக இந்தப் பக்கமே திரும்ப மாட்டாக."

"அவ்வளவுதானா?"

அவர் வாசலைப் பார்த்தார். யாரும் இல்லை என்று தெரிந்த பிறகு, "சொன்னா சிரிப்பீக" என்றார்.

"சிரிக்க மாட்டேன்."

"கரண்டு ராத்திரியிலதான் விடுறாக. மோட்டார் போட நாந்தான் வரணும், ஒத்தையில. இங்கனக்குள்ள, இந்தா இருக்கு பாருங்க, கை எட்டுற தூரத்துல அவரப் பொதச்சாகன்னா..." நிறுத்தினார். "எனக்குப் பயமா இருக்கும்மா."

நான் சிரிக்கவில்லை. சிரிப்பு வரவும் இல்லை. அத்தனை பஸ்கள், அத்தனை ஆயிரம் பேர், கலெக்டர் ஆபீஸ் போன் எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது இந்த மீசைக்காரரின் பயம். அதை அவர் ஊரிடம் சொல்ல முடியாது. சொல்ல முடியாததால்தான் சூனியம் என்று கத்தினார்.

நாங்கள் வெளியே வரும்போது வாய்க்கால் பாலத்தில் ஒரு பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். மைதீன் ராவுத்தர். கம்பத்துப் பழ வியாபாரி, பல வருஷமாகச் சின்னமாயன் தோட்டத்துப் பழத்தை எடுப்பவர். காலிப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வந்த அவர் வேன் ஜாமில் மாட்டியிருந்தது.

"ஏப்பா சின்னமாயா, நீயே ரோட்ட மறிச்சுப்புட்டா பழம் எம்பொட்டிக்குத் தானா நடந்து வருமா?" என்றார்.

நான் அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். முதல் பயத்தை மட்டும்தான். இரண்டாவது, சின்னமாயன் என்னிடம் நம்பிச் சொன்னது.

ராவுத்தர் முகம் மாறியது. "இதுக்கா?" என்றார். பிறகு பாலத்துக்கே திரும்பிப் போய், ரோட்டில் இருப்பவர்களுக்குக் கேட்கும்படி குரலை உயர்த்தினார். "எங்க மையவாடியச் சுத்தித் தென்னந்தோப்பு இருக்கு. எங்க ஆளுகள எல்லாம் அங்கனதான் அடக்கியிருக்கு. அந்தத் தோப்பு எளநியக் குடிக்காத ஆளு இந்தக் கூட்டத்துல இருந்தா எந்திரிச்சுச் சொல்லுங்க! எவனுக்கு என்ன வந்துச்சு? இந்தத் தோட்டத்துப் பழத்த நான் எடுக்குறேன். இந்த அறுப்புக்கும் எடுக்குறேன், அடுத்த அறுப்புக்கும் எடுக்குறேன். நான் கையால தொட்டு விக்கிற பழத்த எவன் வாங்க மாட்டேங்கிறான்னு பாப்போம்."

யாரும் எழுந்து சொல்லவில்லை. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். இந்தத் தடவை அது வேறு மாதிரிச் சிரிப்பு.

ஆனால் சின்னமாயன் அசையவில்லை. அவருக்கு இரண்டாவது பயம் அப்படியே இருந்தது. எனக்கு அது தெரியும். தெரிந்தும் என்ன செய்வது என்று தெரியவில்லை. அப்போது செல்லத்தாயி எங்களை நோக்கி வந்தாள். அத்தனை நேரத்தில் முதல் தடவையாகக் கட்டிலை விட்டு நகர்ந்தாள். அவளிடம் நான் எதுவும் சொல்லவில்லை. சின்னமாயன் நின்ற விதத்தைப் பார்த்தே அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"அண்ணே, ராத்திரி மோட்டாருக்கு வர்றதுக்குத்தான யோசிக்கிறீக?" என்றாள்.

சின்னமாயன் தலை குனிந்தார்.

"எங்க மோட்டாருக்கும் அதே நேரந்தான கரண்டு வருது. இனிமே நாந்தான் வரப்போறேன். உங்க மோட்டாரையும் சேத்து நானே போட்டு விட்டுட்டுப் போறேன். நீங்க வீட்டுல படுங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். கோபமா வெட்கமா என்று தெரியாத முகம். "பொம்பளப் புள்ள ஒத்தையில வந்து எம்மோட்டாரப் போடும், நான் குறட்ட விட்டுத் தூங்குவனா? என்னத்தா பேசுற நீ?" என்று அதட்டினார். அப்புறம் கருத்தப்பாண்டியின் களத்துப் பக்கம் கையைக் காட்டினார். "அவரு ராத்திரியில ஒரு பல்பு எரிய விடுவாரே, அந்தக் களத்துல. நான் வரப்புல நடந்து வர்றதுக்காக. அத மட்டும் எரிய விடு. அது போதும்."

"விடுறேண்ணே."

அவர் ரோட்டுக்குப் போனார். "ஏலே, எந்திரிங்கடா. எந்தோட்டத்துக்குப் பக்கம், எனக்கே சம்மதம். உங்களுக்கு என்ன?" என்றார். எல்லாரும் எழுந்துவிடவில்லை. ஊர்ப் பெரியவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அவருக்கு அது தோல்வி. சிலர் முனகிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் அதுவரை கண்ணில் படாமல் இருந்த ஊராட்சித் தலைவர், காற்று திரும்பியதும் வந்துவிட்டார். சொந்த நிலத்தில் புதைக்க அனுமதி தருவது அவர் கையில்தான். வீடுகளிலிருந்தும் குடிதண்ணீர்க் கிணற்றிலிருந்தும் தேவையான தூரம் இருக்கிறதா என்று விஏஓ சங்கிலி போட்டு அளந்தார். இருந்தது. தலைவர் கையெழுத்துப் போட்டார்.

குழியை முழுசாகத் தோண்டினார்கள். பெண்கள்தான் உடம்பை இறக்கினார்கள். மந்திரம் இல்லை, பாட்டு இல்லை. ஒவ்வொருவரும் ஒரு கைப்பிடி மண்ணை நெற்றியில் தொட்டு உள்ளே போட்டார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த சில சாமிமார்கள் தூரத்தில் கைகூப்பி நின்றார்கள். மேலே ஒரு நாவல் கன்றை நட்டுத் தண்ணீர் ஊற்றினார்கள். அதற்குள் ரோட்டில் முதல் வண்டி நகர்ந்துவிட்டது. மத்தியானம் கடந்து வெகு நேரம் ஆகியிருந்தது.

இதோடு கதை நல்லபடியாக முடிந்தது என்று நினைக்காதீர்கள். நம் துறையில் எதுவும் அப்படி முடியாது.

ரோட்டைத் தாமதமாகத் திறந்ததற்கு என்னிடம் விளக்கம் கேட்டார்கள். எந்த மதத்தின் முறைப்படி அடக்கம் நடந்தது என்றும் கேட்டார்கள். 'இறந்தவரின் குடும்பத்தார் முறைப்படி' என்று எழுதி அனுப்பினேன். அது பதில் ஆகாது என்று திரும்ப வந்தது. அதையே மறுபடி எழுதி அனுப்பினேன். அடுத்த மாறுதல் பட்டியலில் என் பெயர் இருந்தது.

அந்தக் குடும்பங்களும் படாத பாடு பட்டன. ஒவ்வொரு சாவுக்கும் ரோட்டில் நிற்க முடியாது என்று, தங்களுக்கென்று ஒரு இடுகாடு கேட்டு மனுக் கொடுத்தார்கள். எந்த மதத்துக்கான இடுகாடு என்ற கேள்வியோடு மனு திரும்பி வந்தது. பெயர் இல்லாததை எப்படி எழுதுவது? மறுபடி கொடுத்தார்கள், மறுபடி வந்தது. இரண்டு குடும்பங்கள் வெறுத்துப்போய் வண்டிப்பெரியார் பக்கம் மலைக்கே திரும்பிவிட்டன. சின்னமாயன் மட்டும் பேச்சு மாறவில்லை. ராவுத்தரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

ஓய்வுக்குச் சில வருஷங்களுக்கு முன்னால் நான் தேனிக்கே துணை கலெக்டராக வந்தேன். அவர்கள் நாலாவது தடவையாகக் கொடுத்த அந்த மனு என் மேஜைக்கு வந்தது. செல்லத்தாயியை வரச் சொன்னேன். தலை நரைத்திருந்தது.

"ஏதாவது ஒரு பேர் சொல்லும்மா. எழுதிடலாம்" என்றேன்.

"நாங்களும் உக்காந்து பேசுனோம்மா. ஆளுக்கொரு பேரு சொன்னாக. ஒண்ணும் ஒட்டல" என்றாள். "பேரு வச்சாத்தான் எடம்னா, வச்ச பேருக்குப் பெறகு யாராரோ வந்து, இது உங்க மொறதானா, அது உங்க மொறதானான்னு கேப்பாக. அது வேணாம்னு தோணுது. பொதைக்க ஒரு எடம், அடிக்க வராம இருந்தாப் போதும்."

அன்று வீட்டுக்குப் போயும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அங்கீகாரம் வாங்கிக் கொடுப்பதுதான் அவர்களுக்கு நான் செய்யக்கூடிய பெரிய உதவி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது வேண்டாம் என்கிறாள் அவள். அவள் சரியா நான் சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பெயரும் பட்டியலும் இருந்திருந்தால் அந்த இரண்டு குடும்பம் போயிருக்காது என்றும் தோன்றும். அவள் சொன்னது போலவே ஆகியிருக்கும் என்றும் தோன்றும்.

விதிகளை மறுபடி உட்கார்ந்து படித்தேன். இடுகாட்டுக்கு உரிமம் கொடுக்க மதத்தின் பெயர் வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை. கேள்வியை நாமாகத்தான் சேர்த்திருக்கிறோம். ஒருவர் கேட்டதை அடுத்தவரும் கேட்டுப் பழகிவிட்டோம். 'பொது இடுகாடு' என்று குறிப்பு எழுதி மேலே அனுப்பினேன். உத்தரவு வந்துவிட்டது. பொது என்றால் யார் வேண்டுமானாலும் வரலாம், தடுக்க முடியாது என்று அவர்களிடம் தெளிவாகச் சொல்லிவிட்டுத்தான் அதைக் கொடுத்தேன். ஐந்து குடும்பமும் சம்மதித்தது.

அங்கே முதலில் வந்தது அவர்கள் ஆள் இல்லை. மலை ரோட்டில் ஏதோ வண்டி அடித்துப் போட்டுவிட்டுப் போன ஒரு ஆள். முப்பது வயதிருக்கும். ஊர் தெரியவில்லை, பேர் தெரியவில்லை. தேடி யாரும் வரவில்லை. அரசு ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, காத்திருந்து பார்த்துவிட்டு, போலீஸ் எனக்குப் போன் செய்தது. "மேடம், பொது இடுகாடுன்னு ஆர்டர் ஆச்சே, அங்க அடக்கம் பண்ணலாமா? அந்த ஆளுங்க தகராறு பண்ண மாட்டாங்களே?"

நானே நேரில் போனேன். தகராறு வந்தால் நான் இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

செல்லத்தாயியும் மற்றவர்களும் எங்களுக்கு முன்பே வந்து குழியைத் தயாராக வைத்திருந்தார்கள். ஒரு வேப்பங்கன்று ஓரமாக இருந்தது. உடம்பை இறக்கும் முன்னால் துணியை விலக்கியபோது, அந்த ஆள் கழுத்தில் ஒரு கறுப்புக் கயிறும் அதில் ஒரு தாயத்தும் கிடந்தன. கோயிலில் மந்திரித்ததோ, தர்காவில் கட்டியதோ, வேறெங்கே வாங்கியதோ, பார்த்துச் சொல்ல முடியாது. அவர்கள் வழக்கத்தில் உடம்பில் எதுவும் இருக்கக் கூடாது; வெறும் உடம்பாகத்தான் மண்ணுக்குள் வைப்பார்கள். அவர்களில் ஒருவர் கயிற்றை அறுக்கக் கத்தியை எடுத்துக் குனிந்தார்.

செல்லத்தாயி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத அறுக்காத. யாரோ இவன் நல்லா இருக்கணும்னு கட்டி விட்டது. இவனால இப்ப வேணும்னும் சொல்ல முடியாது, வேணாம்னும் சொல்ல முடியாது. அங்கனயே இருக்கட்டும்."

கயிற்றைச் சரி செய்து, தாயத்தை நெஞ்சின் மேல் நேராக வைத்து, துணியை மூடினாள். அதன் பிறகுதான் இறக்கினார்கள்.